குனிந்து கொடுக்கிற கடை

நாம் படித்த காலத்தில் திண்டுக்கல் எவ்வளவு அமைதியாக இருந்தது என்று போன வாரம் நம் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருத்தி எழுதியிருந்தாள். ஆளாளுக்கு அதற்குக் கைகூப்பி வேறு போட்டிருந்தீர்கள். வெள்ளெழுத்து வந்து கண்ணாடி மாட்டிக்கொண்ட பிறகு பழையதெல்லாம் வழவழப்பாகத்தான் தெரியும் போலிருக்கிறது. நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நாம் ஆறாம் வகுப்பில் சேர்ந்த அந்த ஜூன் மாதம், பள்ளிக்கூடம் திறந்த ஒரு வாரத்திலேயே இழுத்து மூடினார்களே, நினைவிருக்கிறதா? உங்களுக்கு அது லீவு. எங்கள் வீட்டில் அந்த நாட்களை யாரும் லீவு என்று சொன்னதில்லை.

தெற்கே எங்கோ ஒரு ஊரில் தொடங்கிய சண்டை அது. யார் முதலில் யாரை அடித்தார்கள் என்று எனக்கு அப்போதும் தெரியாது, பெரியவளான பிறகு கேட்ட ஒவ்வொருவரும் ஒவ்வொன்று சொன்னார்கள். டவுனுக்குள் பாதிக் கடைகள் பூட்டிக் கிடந்தன. பழனியிலிருந்து வரும் பஸ்கள் ஊருக்கு வெளியிலேயே ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பின. பூட்டுக்குப் பேர்போன ஊரில் பூட்டுக்கு வேலை வந்துவிட்டது என்று ஆண்கள் டீக்கடையில் சிரித்துக்கொண்டார்கள், பிறகு டீக்கடையும் பூட்டிக்கொண்டது. அதற்கு நடுவில்தான் ஊருக்குக் கிழக்கே இருந்த எங்கள் பங்குக் கோயிலில் அந்தோனியார் திருவிழாவுக்குக் கொடியேறியது. கொடியேறினால் ஒன்பது நாள். கோயில் திடலில் வளையல், பலூன், அல்வா, ராட்டினம் என்று சந்தை கூடிவிடும். அதில் ஒரு கடை எங்களுடையது.

கடை என்றால் நான்கு கம்பு, மேலே ஒரு தார்ப்பாய், முன்னால் ஒரு நீளப் பலகை. பலகையில் அம்மா வேண்டுதல் தகடுகளைப் பரப்பி வைப்பாள். வெள்ளி போல மினுங்கும் மெல்லிய தகட்டில் கண், கை, கால், வீடு, தொட்டில் என்று அச்சடித்திருக்கும். கண்ணில் நோய் என்றால் கண். பிள்ளை வேண்டுமென்றால் தொட்டில். வாங்கிக்கொண்டு போய் அரிசிப் பானைக்குள் வைத்திருந்து, ஒன்பதாம் நாள் அந்தோனியார் காலடியில் போட வேண்டும். இடைப்பட்ட நாட்களில் கொடிமரத்தடியில் கொட்ட உப்பும் மிளகும் சேர்ந்த பொட்டலம் தனி. வாங்க வருகிறவர்களில் பாதிப் பேர் இந்துக்கள். அந்தோனியார் யாரிடமும் ஞானஸ்நானச் சீட்டுக் கேட்டதில்லை.

அந்தக் கடைக்கு ஒரு சட்டம் இருந்தது. தகடு வாங்க வருகிறவர்களின் முகத்தைப் பார்க்கக் கூடாது. என்ன நோய், யாருக்கு என்று கேட்கவும் கூடாது. விற்கிறவர் தலையைக் குனிந்துகொண்டு, தகட்டைத் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். பார்த்துவிட்டால் வேண்டுதல் பலிக்காது. அம்மாவின் வீட்டில் மூன்று தலைமுறையாக அப்படித்தான் விற்றார்களாம். அண்ணனுக்கும் அம்மா அதைச் சின்ன வயதிலேயே சொல்லிக் கொடுத்திருந்தாள். அவன் அப்போது ஐடிஐ முடித்துவிட்டு ரயில்வேயில் அப்ரண்டிஸ் நேர்முகத்துக்குத் திருச்சிக்குப் போகக் காத்திருந்தான். அந்த நேர்முகக் கடிதத்தை அம்மா பைபிளுக்குள் வைத்திருந்தாள். அப்பா லாரியோடு நாக்பூர்ப் பக்கம் போயிருந்தார், ஊர் நிலவரம் கேட்டு எந்த ஊரில் நிற்கிறாரோ தெரியவில்லை. எனவே கடையை அம்மாவும் அண்ணனும்தான் பார்த்தார்கள்.

என் இடம் பலகைக்கு அடியில். சாக்கை விரித்து உட்கார்ந்து, பழைய பரீட்சைத் தாள்களைச் சுருட்டி உப்பும் மிளகும் போட்டு மடிப்பேன். யாரோ ஒரு பிள்ளை முப்பத்திரண்டு மார்க் வாங்கிய கணக்குப் பரீட்சையில் எத்தனை பேருடைய வேண்டுதல் போயிற்றோ. மிளகுத் தூள் நகக்கண்ணில் ஏறி, தெரியாமல் கண்ணைத் தேய்த்துவிட்டால் அன்றைக்குப் பூராவும் அழுதுகொண்டே மடிக்க வேண்டும். அங்கிருந்து பார்த்தால் எனக்குத் தெரிவது கால்கள் மட்டும். சட்டம் முகத்துக்குத்தானே, காலுக்கு இல்லையே. பித்தவெடிப்புக் கால், மருதாணிக் கால், ஒரு செருப்பு அறுந்து ஊக்குக் குத்திய கால் என்று எல்லாவற்றுக்கும் பெயர் வைத்திருந்தேன். கால்களுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பொய் சொல்லத் தெரியாது. அழுகிறவர்களின் கால்விரல் மண்ணை நோண்டிக்கொண்டே இருக்கும்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் கோயிலில் ஆறு மணி அடித்தது. மூவேளை ஜெப மணி. மணி அடித்தால் நாங்கள் இருந்த இடத்தில் அப்படியே நின்றுவிடுவோம், ராட்டினத்தைக்கூட நிறுத்திவிடுவார்கள். அப்போது பலகைக்கு முன்னால் ஒரு பெண் நின்றாள். இடது கால் விரலில் மெட்டி இருந்தது. வலது காலில் மெட்டிக்குப் பதிலாக மஞ்சள் நூல் சுற்றியிருந்தது. மெட்டி தொலைந்து போயிருக்க வேண்டும். தகட்டை வாங்கியதும் அந்தக் கால் திரும்பி நகரப் பார்த்தது. அண்ணன் குனிந்த தலையோடு, "மணி முடியட்டும்க்கா" என்றான். கால் நின்றது. நம் ஆள் இல்லை, மணி வழக்கம் தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

அதே ஆறு மணிக்கு, மூன்று மைல் தள்ளிப் பழனி ரோட்டில் ஒரு பஸ்ஸைக் கல்லால் அடித்துக் கண்ணாடியை நொறுக்கினார்கள். மறுநாள் விடியும்போது எங்கள் தெருவில் போலீஸ் ஜீப் நின்றது. வயதுப் பையன்களாகப் பார்த்து ஏழு பேரை ஏற்றிக்கொண்டு போனார்கள். தண்ணீர் பிடிக்கக் குடத்தோடு வெளியே வந்த அண்ணன் அதில் ஒருவன். குடம் வாசலிலேயே கிடந்தது.

அம்மாவின் அண்ணன், என் மாமா, தாலுகா ஆபீஸில் பியூன். அரசாங்கத்தின் எல்லாக் கதவும் எப்படித் திறக்கும் என்று தனக்குத் தெரியும் என்பது அவருடைய நினைப்பு. அவர்தான் ஸ்டேஷனுக்குப் போய்விட்டு வந்து சொன்னார். அண்ணன் அந்த நேரத்தில் கடையில் இருந்ததாகச் சொல்லியிருக்கிறான். சரி, யாரிடம் விற்றாய், ஒரு பேர் சொல்லு, விசாரிக்கிறோம் என்று கேட்டிருக்கிறார்கள். தெரியாது சார் என்றானாம். ஆம்பளையா பொம்பளையா என்று கேட்டதற்கு, பொம்பளைதான், முகத்தைப் பார்க்கவில்லை, குனிந்திருந்தேன் என்றானாம். ஸ்டேஷனே சிரித்திருக்கிறது. தாயும் தங்கையும் சொல்வது சாட்சி இல்லை என்றும் சொல்லிவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் ஸ்டேஷன் பக்கம் வரவே பயந்தார்கள்.

மாமா அதற்கு ஒரு வழியும் வைத்திருந்தார். பஸ் பக்கத்தில் வேடிக்கை பார்த்தேன் என்று பையன் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டால் சின்ன கேஸாக எழுதி, ஃபைன் கட்டி வெளியே கொண்டு வந்துவிடலாம். தலையைக் குனிந்து போனால் தப்பித்துக்கொள்ளலாம் என்பது அவருடைய நாற்பது வருட அனுபவம். கெட்ட மனுஷர் இல்லை. தங்கை மகன் அடிபடுவதைப் பார்த்துவிட்டு வந்தவர். கேஸ் சின்னதோ பெரியதோ, ரயில்வேக்காரன் போலீஸ் சான்றிதழ் கேட்பான் என்பதைத்தான் அவர் யோசிக்கவில்லை.

அம்மா தகடுகளைப் பெட்டிக்குள் அடுக்கினாள். பிறகு, "குனிஞ்சு குடுன்னு சொல்லிக் குடுத்தவ நாந்தேன். இப்ப அவனப் பொய்யிலயும் குனியச் சொல்ல மாட்டேண்ணே" என்றாள். தகட்டுப் பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு திடலுக்குக் கிளம்பினாள். மாமா வாசலில் நின்று, மகன் லாக்கப்பில் இருக்கும்போது வியாபாரத்துக்குப் போகிறாளே என்று ஊர் கேட்கச் சொன்னார். தெருவில் சில பேர் அதை நம்பவும் செய்தார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதை நினைத்தால் எனக்குக் கோபம் வருகிறது.

அம்மா கணக்குப் போட்டது இது. தகடு வாங்கியவள் கொடி இறங்குவதற்குள் உப்பு மிளகு கொட்ட வந்துதான் ஆக வேண்டும். கடை இருந்தால்தான் வருவாள். வழியில்தான் நான் அம்மாவிடம் மஞ்சள் நூலைப் பற்றிச் சொன்னேன். அம்மா நடுரோட்டில் நின்றுவிட்டாள். பிறகு என் தலையில் கை வைத்து, கால்களைப் பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னாள்.

திடலுக்குப் போனால் சந்தையைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஐந்து பேருக்கு மேல் கூடக் கூடாது என்று உத்தரவு. பூசை கோயிலுக்குள் மட்டும் நடக்கலாம், வெளியே கடை கூடாது என்று பங்குச் சாமியார் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டிருந்தார். ராட்டினக்காரர் மரக் குதிரைகளைக் கழற்றி வண்டியில் அடுக்கினார். அல்வாக்காரர் மிச்சத்தை எனக்குக் கொடுத்துவிட்டுப் போனார். அவ்வளவு பெரிய திடலில் எங்கள் தார்ப்பாய் மட்டும் நின்றது. அம்மா பலகையைத் துடைத்துத் தகடுகளை வழக்கம்போல் வரிசையாகப் பரப்பினாள்.

மதியத்துக்கு மேல் ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வந்தார். பிரிக்கச் சொன்னது காதில் விழவில்லையா என்று கேட்டார். விழுந்தது என்றாள் அம்மா.

"அஞ்சு பேருக்கு மேலதான் கூடாதுன்னீங்க சார். கடையில நானும் எம் மகளும். வாங்க வாரவுக மூணு பேரு. நாலாவது ஆளு வந்தா நானே தள்ளி நிக்கச் சொல்லிருவேன்."

அவர் குனிந்து பலகைக்கு அடியில் பார்த்தார். இதெல்லாம் ஒரு ஆளா என்றார். எனக்குச் சுருக்கென்றது. அம்மா சளைக்கவில்லை. அப்படியானால் இன்னும் ஒருவரை நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். கூட வந்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார், சப்-இன்ஸ்பெக்டர் ஆள் கூடினால் பிரித்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அம்மா உடனே அல்வாக்காரர் விட்டுப்போன அடுப்புச் சாம்பலை எடுத்துப் பலகைக்கு முன்னால் மூன்று வட்டம் போட்டாள். அந்த இரண்டு நாளும் வந்தவர்கள் அந்த வட்டங்களுக்குள்தான் நின்றார்கள். மற்றவர்கள் தூரத்து வேப்பமரத்தடியில் தள்ளித் தள்ளி உட்கார்ந்து முறை வரக் காத்திருந்தார்கள். பயந்துபோய் யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்திருந்தோம். கண் தகடு அன்றைக்கே தீர்ந்துவிட்டது. பஸ் கண்ணாடி தெறித்தவர்களின் வீட்டு ஆட்கள் வாங்கிப் போனார்கள்.

நான் அல்வாவைத் தொடவில்லை. கண்ணைச் சிமிட்டினால் அந்தக் கால் போய்விடுமோ என்று பயம். ஆறாம் நாள் வரவில்லை. ஏழாம் நாள் காலையிலும் இல்லை. மறுநாள் மத்தியானம் அண்ணனைக் கோர்ட்டில் நிறுத்தி மதுரை ஜெயிலுக்கு அனுப்பப் போகிறார்கள் என்று மாமா வந்து சொல்லிவிட்டுப் போனார். சாயங்காலம் நடு வட்டத்துக்குள் ஒரு ஜோடி கால் வந்து நின்றது. செருப்பு வேறு. ஆனால் வலது கால் விரலில் நூல் இருந்தது, அழுக்கேறி மஞ்சள் போய்விட்டிருந்தது. ஒரு பொட்டலம் கொடுங்கள் என்று மெதுவாகக் கேட்ட குரலுக்கு அம்மா குனிந்தபடியே தட்டை எடுத்தாள். நான் பலகைக்கு அடியிலிருந்து இரண்டு கையையும் நீட்டி அந்தக் காலைப் பிடித்துக்கொண்டேன்.

அந்தப் பெண் பதறிப்போனாள். அம்மா என் கையைப் பார்த்தாள், காலைப் பார்த்தாள். பிறகு அந்தக் கடையில் யாரும் செய்யாததைச் செய்தாள். தலையை நிமிர்த்தி, வாங்க வந்தவளின் முகத்தை நேராகப் பார்த்தாள். நடந்ததை நாலே வார்த்தையில் சொல்லி, ஸ்டேஷனுக்கு வந்து ஒரு சொல் சொல்ல முடியுமா என்று கேட்டாள்.

அவளுக்கு அண்ணன் வயதைவிட ஐந்தாறு வயது கூட இருக்கும். முகம் வெளுத்துவிட்டது. "என்னைய விட்டுருங்கக்கா. எங்க வீட்டுக்காரரு அந்த ஸ்டேஷன்லதேன் ஏட்டு. மாமியா கிட்ட மாரியம்மன் கோயிலுக்குன்னு சொல்லிட்டு வாரேன். தொட்டிலு வாங்குனது தெரிஞ்சா, எம் பிள்ளைய மலடன்னு மருமக ஊருக்குச் சொல்லிட்டு வந்துருக்கான்னு பேசுவாக" என்றாள். எனக்கு அந்த வாக்கியம் அன்று முழுசாகப் புரியவில்லை. தன் மகன்மீது குறை விழுந்துவிடுமே என்று ஒரு மாமியார் பயப்படுவாள் என்பதும், அந்தப் பயத்தையெல்லாம் மருமகள்தான் சுமக்க வேண்டும் என்பதும் கல்யாணமான பிறகுதான் எனக்குப் புரிந்தது. பொட்டலத்தைக்கூட வாங்காமல் அவள் வேகமாகப் போய்விட்டாள்.

அம்மா பின்னாலேயே ஓடுவாள் என்று நினைத்தேன். ஓடவில்லை. நான் அழுதுகொண்டே சண்டை போட்டேன். ஏட்டு பொண்டாட்டி என்று ஸ்டேஷனில் போய்ச் சொன்னால் கூப்பிட்டுக் கேட்பார்கள்தானே என்றேன். அம்மா என் வாயைப் பொத்தினாள். அது அவள் சொல்ல வேண்டியது, நாம் சொல்லக் கூடாது, மாமாவிடம்கூட மூச்சுவிடக் கூடாது என்றாள். தன் பிள்ளைக்காக இன்னொருத்தியைத் தெருவில் நிறுத்துகிறவள் இல்லையாம். எனக்கு அம்மாமேல் அப்படி ஒரு வெறுப்பு வந்தது. அண்ணனைவிட அந்தப் பழைய சட்டம்தான் பெரிதா என்று மனசுக்குள் கத்தினேன். விடிந்ததும் நானே சொல்லிவிடுவது என்று முடிவும் செய்துகொண்டேன். அதை உங்களிடம் மறைக்கவில்லை.

எட்டாம் நாள் காலை ஸ்டேஷனில் அண்ணனைக் கொண்டு வந்து நிறுத்தினார்கள். ஒரு பக்கக் கன்னம் வீங்கியிருந்தது. மேசைமேல் மாமா பேசி வைத்திருந்த தாள் தயாராக இருந்தது. இன்ஸ்பெக்டர் பேனாவை அவன் பக்கம் தள்ளினார். மாமா, போடுய்யா, சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிடலாம் என்று கெஞ்சினார். அண்ணன் அம்மாவைப் பார்த்தான்.

"நீ செய்யாததுக்குக் கையெழுத்துப் போடாத. ஜெயிலுக்குப் போனாலும் நான் வந்து பாக்குறேன்."

அம்மா அதை இன்ஸ்பெக்டர் காதில் விழும்படியே சொன்னாள். அண்ணன் பேனாவைத் தொடாமல் நின்றான். இன்ஸ்பெக்டர் வண்டியை எடுக்கச் சொன்னார். இப்போது சொல்லிவிடலாம் என்று நான் வாயைத் திறந்தேன். அப்போது வாசலில் நின்ற போலீஸ்காரர், "என்ன தங்கச்சி, சாப்பாடா?" என்று யாரையோ கேட்டார்.

அவள்தான். கையில் தூக்குச்சட்டி இருந்தது. அதை வாசல் பெஞ்சில் வைத்துவிட்டு நேராக மேசைக்கு வந்தாள். ஓரத்தில் நின்ற ஏட்டு இரண்டு எட்டு முன்னால் வந்து, பிறகு நின்றுவிட்டார். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, தகட்டுத் தொட்டிலை எடுத்து அந்தத் தாளின்மேல் வைத்தாள்.

"இத நான் அந்தோனியார் கோயில் சந்தையில இந்தத் தம்பி கையால வாங்குனேன். சாயங்காலம் ஆறு மணிக்கு."

இன்ஸ்பெக்டர் அவளையும் ஏட்டையும் மாறி மாறிப் பார்த்தார். ஆறு மணி என்று எப்படித் தெரியும் என்றார். கோயில் மணி அடித்தது, நான் நகரப் போனேன், மணி முடியட்டும்க்கா என்று இந்தத் தம்பி நிறுத்தினான் என்றாள். இன்ஸ்பெக்டர் விடவில்லை. இவன் யார் முகத்தையும் பார்க்கவில்லை என்கிறானே, பிறகு எப்படி இவன்தான் என்று சொல்கிறாய் என்று கேட்டார்.

"அவன் என்னையப் பாக்கல சார். நான் அவனப் பாத்தேன்" என்றாள். "கேக்கக் கூசுற பொருளு. யாருகிட்டக் கேக்கன்னு மொகத்தப் பாத்துப் பாத்துத்தேன் அந்தக் கடைக்கு வந்தேன். இம்புட்டு நேரம் பாத்த மொகம் மறக்குமா?"

ஏட்டு அந்தத் தொட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். அவருடைய காதுகள் சிவந்திருந்தன. கத்தப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இது எங்க வீட்டம்மா சார். பொய் சொல்ல மாட்டா" என்றார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை உருவிக் கிழித்துப் போட்டார். தொட்டிலைச் சாட்சிப் பொருள் என்று சொல்லி இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டினார், அது எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அண்ணனைப் போகச் சொன்னார். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. மற்ற ஆறு பையன்களில் நான்கு பேரை மத்தியானம் மதுரைக்குக் கொண்டு போனார்கள். அவர்களுக்கும் எங்கோ ஒரு மணி அடித்திருக்கும், பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள். அமைதியான ஊர் என்று எழுதுகிறீர்களே, அந்த நான்கு வீட்டில் போய்ச் சொல்லுங்கள்.

வெளியே வந்ததும் அம்மா அவள் காலில் விழப் போனாள். அவள் சட்டென்று இரண்டு தோளையும் பிடித்து நிறுத்திவிட்டாள். அழுது முடித்த முகமாக இருந்தது, ஆனால் நேராக நின்றாள். இனி வீட்டில் என்ன ஆகும் என்று அம்மா கேட்க வாயெடுத்தாள், அவள் கேட்கவிடவில்லை.

"நீங்க என்னையக் காட்டிக் குடுக்கலைல்லக்கா, அதுக்குத்தேன் வந்தேன். நாளைக்குக் கடை இருக்குமா? தொட்டில அவுக பூட்டி வச்சுக்கிட்டாக. காணிக்கை போட எனக்கு வேற வேணும்."

"இருக்கும் தாயி" என்றாள் அம்மா. "வெளக்கு வைக்கிற நேரத்துக்கு வராத. நாலு பேரு பாக்குறப்ப, பட்டப்பகல்ல வா."

மறுநாள் பதினொரு மணி வெயிலில், வேப்பமரத்தடியில் காத்திருந்தவர்கள் எல்லாரும் பார்க்க, அவள் வந்து நடு வட்டத்தில் நின்றாள்.